ஐந்தாவது ஊசி

எட்டாயிரத்து நானூறு.

லேப்பிலிருந்து வந்த தாளில் அந்த எண்ணைப் பார்த்ததும், வேறு யாருடைய தாளையோ என்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். ஸ்டானிஸ்லாஸ், ஆண், வயது 41. அவரேதான். நான்கு நாள் ஊசி போட்டுக்கொண்ட மனிதனின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் நாற்பதாயிரமாவது இருக்க வேண்டும். எட்டாயிரம் என்பது டீக்கடை வாசலில் நிற்கிற எவருக்கும் இருக்கிற கணக்கு.

மணி ஏழரை. செவ்வாய்க்கிழமை.

ஸ்டானிஸ்லாஸின் மகள் ஷைனி எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கண்ணாடி அறைக்குள் படுத்திருந்தாள். ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். ஒரு முறை மருந்துக்கு அடங்கியது, ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் போனாள், மறுபடியும் வந்துவிட்டது. இனி மருந்து மட்டும் போதாது. ஆறு நாளாக அவளுக்கு ஏற்றிய மருந்து, நோயோடு சேர்த்து அவளுடைய எலும்பு மஜ்ஜையையும் துடைத்து எடுத்திருந்தது. அன்றைக்கு அவள் அப்பாவின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை மெஷினில் பிரித்தெடுத்து அவளுக்குள் ஏற்ற வேண்டும். சாதாரணமாக அந்த செல்கள் எலும்புக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கிளப்பி ரத்தத்துக்கு அனுப்பத்தான் அந்த ஊசி. எண்ணிக்கை ஏறவில்லை என்றால் செல்கள் கிளம்பவில்லை. பிரித்தெடுக்க ஒன்றுமில்லை. பழைய மஜ்ஜையும் போய், புது மஜ்ஜையும் இல்லாமல் ஒரு குழந்தை எத்தனை நாள் தாங்கும்? ஏதாவது ஒரு சின்னக் கிருமி போதும். முந்தின ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல் நூற்றியொன்று.

என் பெயர் செங்கொடி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். பெயர் அப்பா வைத்தது, கோபமும் அவர் கொடுத்ததுதான். நான்கு வருஷமாக ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருக்கிறேன். முழுப் பொருத்தமான ஆள் கிடைப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிரைக் கொம்பு. ஆனால் பெற்றவர்கள் பாதிப் பொருத்தம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, ஒரு அரசு ஆஸ்பத்திரியில், கையில் இருக்கிற மருந்துகளோடு பிள்ளைகளைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. இருபது பிள்ளைகளுக்குச் செய்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பது முடிந்தது. அதில் பன்னிரண்டு பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். மீதி ஏழு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம். ஷைனி இருபதாவது.

ஷைனிக்கு அப்பாவை விட்டால் வேறு ஆள் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே ஏற்றிய ரத்தங்களின் விளைவாக, அம்மா டோரதியின் செல்களை எதிர்க்கிற சக்தி அவள் உடம்பில் உருவாகியிருந்தது. அம்மாவுடையதை ஏற்றினால் உடம்பு துப்பிவிடும்.

இவ்வளவு சிக்கல் இருக்கிறது, அப்பாவின் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்துக்கொண்டு, அப்புறம் குழந்தைக்கு மருந்தை ஆரம்பித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உறைய வைக்கிற மெஷின் எங்களிடம் இருக்கிறது. பதினோரு மாதமாக அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பொருத்த ஆள் வர வேண்டும், ஆள் வருவதற்கு ஒரு கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

இந்த சிகிச்சையே மே முதல் வாரம் நடந்திருக்க வேண்டியது. மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கில் வைத்துத்தான் மே என்று நாள் குறித்தேன். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை காசிமேட்டிலிருந்து ஒரு லாஞ்சுகூடக் கடலுக்குப் போகாது. லாஞ்சு டிரைவரான ஸ்டானிஸ்லாஸ் கரையிலேயே இருப்பார். நான் இந்த ஊர்க்காரி, இதெல்லாம் எனக்கா தெரியாது என்று ஒரு மிதப்பு. பார்த்தால் கண்ணாடி அறையின் காற்று ஃபில்டர், எங்கள் பக்கத்துக் காற்றைத் தின்று தின்று கறுத்துப்போய்விட்டது. புதிய ஃபில்டருக்கு எழுதிய கடிதம் ஏழு மேஜை ஏறி இறங்கியது. அது வந்து சேர்ந்தபோது ஜூன் பிறந்துவிட்டது. கடைசியில், ஸ்டானிஸ்லாஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நாட்களின் நட்டநடுவில் தடைக்காலம் முடிந்தது. அறுபத்தொரு நாள் கரையில் கிடந்தவர்கள் முதல் பயணத்தை விடவே மாட்டார்கள். விட்ட டிரைவரின் இடத்துக்கு ஓனர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். அந்த சீசன் முழுக்க அந்த ஆள்தான்.

ஆக, எட்டாயிரத்து நானூறைப் பார்த்ததும் என் மண்டையில் ஓடியது ஒன்றே ஒன்று. ஆள் கடலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் வைத்து நர்ஸ் ஹஃப்சா போட்டார். அடுத்த நாட்களுக்கானதை ஸ்டானிஸ்லாஸ் கையில் கொடுத்து அனுப்பியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊசி போடும் அறைக்குப் பூட்டு. அவர் வீடு திருவொற்றியூருக்கு அப்பால். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் வந்து போகவே பாதி நாள் ஆகும். எப்படிக் குத்திக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்து, சனி, ஞாயிறு, திங்களுக்கு மூன்று, செவ்வாய்க்கிழமை காலை இங்கே வந்து போட ஐந்தாவது ஒன்று, ஆக நான்கு ஊசிகளைத் தந்தேன். கூடவே நானே தமிழில் எழுதிய அறிவுரைத் தாள்.

ஸ்டானிஸ்லாஸ் செல் பிரிக்கும் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டோரதி, தலையில் வார்டுத் தொப்பியோடு. ஏழு மணிக்கே அவரோடு ஒரு சண்டை முடிந்திருந்தது. மெஷினில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு செவ்வாக்கெயம மேடம். அந்தோணியாருக்கு ஒருசந்தி," என்று சாவகாசமாகச் சொன்னார். முந்தின ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி குடித்ததோடு சரியாம். பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லையாம். சாமி கும்பிடுவதற்கு வேறு செவ்வாய்க்கிழமையே கிடைக்கவில்லையா என்று அப்போதே கத்தியிருந்தேன்.

இப்போது தாளோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஸ்டானிஸ்லாஸ், ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுகினேன் மேடம்."

"எத்தனை?"

"வெள்ளிக்கெயம சிஸ்டர் போட்டாங்க. சனி, ஞாயிறு, திங்கள் நானே போட்டுகினேன். நீங்க சொல்லிக் குட்த்த மாரியே வயித்துல, கொஞ்சம் தள்ளித் தள்ளி."

"பொய் சொல்லாத."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார். முகம் சுண்டிவிட்டது.

"எதுக்கு மேடம் பொய் சொல்லப் போறேன்?"

"கடலுக்குப் போனியா இல்லியா? உன் மேல மீன் வாசனையும் ஐஸ் வாசனையும் அடிக்குது. இந்தா பாரு, இதுல இன்னா எழுதிக்கீது? எட்டாயிரம். ஊசி போட்டிருந்தா நாப்பதாயிரம் இருக்கணும். ஒரு சீசன் டிரைவர் வேலைக்காக உன் பொண்ண..."

முடிக்கவில்லை. முடித்திருந்தால் அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்க நான் தூக்கிச் சுமந்திருக்க வேண்டியிருக்கும். முடிக்காததே போதுமான அளவு கனக்கிறது.

"போவல மேடம். ஓனரு மூணு தபா கூப்ட்டாரு. எம்பொண்ணுக்கு நான் வோணும், வேற ஆளப் போட்டுக்கோன்னு சொல்ட்டேன். லாஞ்சு கெளம்பி மூணு நாளாவுது." செல்போனை எடுத்தார். "தோ பாருங்க. ஞாயித்துக்கெயம மத்தியானம் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். நடுக்கடல்ல ஏது டவரு?"

பார்த்தேன். 'மேடம் வலி சுத்தமா இல்ல. எல்லாம் அந்தோணியார் புண்ணியம்.' அதற்குக் கீழே என் பதில்: ஒரு கட்டைவிரல். வார்த்தை ஒன்றும் கிடையாது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

"இதுவே போதும்," என்றேன். என் குரல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "இந்த ஊசி போட்டா எலும்பெல்லாம் வலிக்கும்னு சொன்னேனா இல்லையா? இடுப்பு, முதுகு, தொடை. செல்லு கெளம்பும்போது வலிக்காம இருக்காது. இதுவரைக்கும் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் வலிச்சிருக்கு. வலி இல்லன்னு நீயே எழுதிக்கிற. அப்ப ஊசி போடலன்னுதான அர்த்தம்?"

அதுவரை பேசாமல் இருந்த டோரதி எழுந்து நின்றாள். அவள் என்னைவிடக் குள்ளம். அண்ணாந்துதான் பேசினாள்.

"அத்த ஞாயித்துக்கெயமயே சொல்றதுக்கு இன்னா மேடம்?"

டோரதி விடவில்லை.

"வலி இல்லன்னா தப்புன்னு உங்களுக்குத் தெரியுது. எங்களுக்குத் தெரியுமா? வலி இல்லன்னா நல்லதுன்னுதான நாங்க நெனப்போம்? நீங்களும் கைய தூக்கிக் காட்டிட்டீங்க. அத்தப் பாத்துட்டு மனுசன் கோயிலுக்குப் போயி மெயுகுவத்தி ஏத்திட்டு வந்தாரு."

வலிக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எட்டுப் பக்கம் கட்டுரை எழுதியவள் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மெசேஜ் வந்தபோது தங்கச்சி வீட்டில் வறுத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கையால் கட்டைவிரலை அழுத்திவிட்டு அடுத்த துண்டை எடுத்தேன். அன்றே விழித்திருந்தால், புதிய ஊசிகளோடு இரண்டு நாளில் ஓரளவாவது சரிசெய்திருக்கலாம்.

ஆனாலும் கேள்வி அப்படியே நின்றது. ஊசி போட்டிருந்தால் வலி எங்கே போயிற்று?

"அந்த அஞ்சாவது ஊசி எங்க?" என்று கேட்டேன். குரல் இறங்கியிருந்தது.

"கீய கீது மேடம். மீன் நாத்தம் அடிக்குதுன்னு வாட்ச்மேன் உள்ள உடல."

கீழே ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி ஆள் உயரத்துக்கு ஒரு தெர்மோகோல் மீன் பெட்டி. சாக்குச் சுற்றி, நைலான் கயிற்றால் லாஞ்சுக்காரர்கள் போடுகிற முடிச்சுப் போட்டிருந்தார். இதற்குள் இருந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் ஊசி. அவர் முடிச்சை அவிழ்க்கும்போது ஹஃப்சாவும் வந்து நின்றார்.

மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. உடைத்த ஐஸ். அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பு.

"நீங்க குட்த்த அந்த நீலக் கலர் ஐஸ் பையி அன்னிக்கு சாயங்காலமே தண்ணியாப் பூட்சி மேடம். எங்க வூட்டு ஃப்ரிட்ஜு உப்புக்காத்துல துருப்புட்ச்சி செத்து ஆறு மாசமாவுது. பயந்துட்டேன். நேரா காசிமேடு போயி, ஐஸ் கம்பெனில அப்பதான் எறக்குன பெரிய ஐஸ் கட்டில ஒண்ண வாங்கியாந்து ஒட்ச்சிப் போட்டேன். சும்மா ஐஸ்னா கரைஞ்சிடும். கல்லுப்பு போட்டாதான் ஜில்லு உள்ள எறங்கும். வஞ்சிரத்தயே பதினஞ்சி நாளு கெடாம கொண்டாறவன் நானு. தெனம் காத்தால போயி புது ஐஸு மாத்திகினு வந்தேன். ஒரு நிமிசம் வெளிய எடுத்து வெக்கல மேடம். ராவுல ரெண்டு தபா எய்ந்து தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

ஐஸுக்குள் கையை விட்டு, பாலிதீன் பையைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

ஊசிக்குள் இருந்த மருந்து வெள்ளைக் குச்சியாக உறைந்திருந்தது.

"கல்லு மாரி கெட்டியாதான் இருக்கும்," என்றார். "அக்குள்ல வெச்சா அஞ்சி நிமிசத்துல எளகிடும். அப்பறம் போட்டுக்குவேன்."

ஹஃப்சா 'யா அல்லாஹ்' என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்து இளகினால் அதை நம்ப முடியாது. அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது, எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமை போட்ட ஒன்றுதான் மருந்து. மற்ற மூன்று நாளும் அந்த மனிதன் வயிற்றில் குத்திக்கொண்டது வெறும் தண்ணீருக்குச் சமம்.

"ஐஸ்ல வைக்கச் சொல்லி உங்களுக்கு யாரு..." என்று ஆரம்பித்தேன்.

சட்டைப் பையிலிருந்து என் அறிவுரைத் தாளை எடுத்தார். நான்காய் மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். நான்காவது வரியின் கீழே பேனாவால் கோடு இழுத்திருந்தது. 'ஊசியை எப்போதும் ஐஸில் வைத்திருக்கவும். ஐஸ் கரையக் கூடாது.'

என் தமிழ். என் கையெழுத்து. அந்த நீலப் பையை மனத்தில் வைத்து நான் அவசரமாக எழுதிய வரி. இதற்கு முன் வந்த பத்தொன்பது குடும்பமும் ஊசியை வீட்டு ஃபிரிட்ஜிலோ பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலோ வைத்துக்கொண்டது. அதாவது என் தாளை யாரும் படித்ததில்லை. நான்கு வருஷத்தில் அதை ஒழுங்காகப் படித்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்த ஒரே ஆள் இவர்தான். அவரைப் பார்த்துத்தான் பொய் சொல்லாதே என்று கத்தியிருக்கிறேன்.

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கும் நேரம் இல்லை.

புதிதாக ஊசி போட ஆரம்பித்தால் இன்னும் நான்கு நாள். காய்ச்சலோடு ஷைனி அந்த நான்கு நாளைத் தாண்டுவாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி, பழைய வழி. செல்கள் வெளியே வரவில்லை என்றால் நாம் உள்ளே போக வேண்டியதுதான். ஆளை மயக்கத்தில் கவிழ்த்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்பில் துளையிட்டு மஜ்ஜையையே உறிஞ்சி எடுப்பது. என் ஆய்வுத் திட்டத்தில் அது கிடையாது. செய்தால் ஷைனி என் கணக்கில் வரமாட்டாள், இருபது மறுபடி பத்தொன்பது ஆகும். அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன், மயக்கவியல் டாக்டர் அருள்பிரகாசத்துக்கு போன் போட்டுக்கொண்டே யோசித்தேன்.

"இன்னிக்கா? லிஸ்ட் ஃபுல்லும்மா," என்றார். "வியாழக்கிழமை பாக்கலாம்."

"சார், குழந்தைக்குக் காய்ச்சல். மஜ்ஜை சுத்தமா காலி."

"புரியுது செங்கொடி. ஆனா உங்க டோனரையெல்லாம் நீங்கதான் இட்லி தோசை சாப்பிட்டுட்டு வரச் சொல்வீங்க. வயித்துல சாப்பாட்டோட நான் மயக்கம் கொடுக்க முடியாது. எட்டு மணி நேரம் போகட்டும்னா சாயங்காலம் நாலு ஆயிடும். நாலு மணிக்கு இங்க எவன் இருக்கான்?"

நான் ஸ்டானிஸ்லாஸைத் திரும்பிப் பார்த்தேன். மீன் பெட்டியை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். தான் செய்தது என்ன தப்பு என்று இன்னும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவர் நேத்து ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி குடிச்சதுதான். அப்புறம் தண்ணிகூடக் குடிக்கல."

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமை ஒருசந்தி."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"என் முதல் கேஸ் முட்டி ஆபரேஷன் பெரியவர் காலையில வார்டுல வடை தின்னுட்டு உக்காந்திருக்கார்," என்றார் அருள்பிரகாசம். "அந்த டேபிள் காலி. ஒன்பதரைக்குள்ள கொண்டு வாங்க. அரை மணி லேட்டானா ஆர்த்தோக்காரன் அடுத்த கேஸைப் படுக்க வெச்சுடுவான்."

நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே கேட்டதில் எல்லாம் கெட்டது. நான் சொன்னதைக் கேட்காத ஒரே விஷயத்தில் ஒரு வழி திறந்தது. அந்தோணியார்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு அவரோடு தகராறு செய்கிற நிலைமையிலும் நான் இல்லை.

பெஞ்சில் ஸ்டானிஸ்லாஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி உறையக் கூடாது என்பதை, என் தாளில் இருந்த தப்பை, இடுப்பெலும்பை. "அண்ணா, தப்பு உங்களுது இல்ல. நான் எழுதினதுதான் தப்பு. உங்களப் பேசினதும் தப்பு. மன்னிச்சிடுங்க," என்றேன். அவர் அந்தப் பாதியைக் காதில் வாங்கவேயில்லை.

"அப்ப, நான் வெச்ச ஐஸுதான் கெடுத்துட்சா?"

"நான் எழுதினது கெடுத்துச்சு."

"ராவெல்லாம் எய்ந்து எய்ந்து பாத்தனே மேடம்," என்றார். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டோரதி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "அய்வாத. போயி கையெயுத்துப் போடு. நேரமாவுது."

ஒன்பது இருபதுக்கு டேபிளில் இருந்தார். நானே எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எலும்பைத் திருகித் துளைத்து, ஐந்து ஐந்து மில்லியாக இழுக்க வேண்டும். இருபது வருஷம் லாஞ்சில் நின்று நின்று உரமேறிய எலும்பு; என் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து நானூற்று அறுபது மில்லி. பை நிறைந்தபோது மணி பதினொன்றே கால். லிஃப்ட் வேலை செய்யவில்லை. எப்போது வேலை செய்தது? பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் படியேறினேன்.

ஷைனி கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள்.

"இது அப்பாவோடதா?"

"ஆமா."

"மீன் வாசன வருதா ஆன்ட்டி?"

"வராதுடி."

"அப்ப அது எங்கப்பாது இல்ல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடெல்லாம் புண். அதோடு சிரித்தாள்.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸைப் பார்க்கப் போனேன். மயக்கம் தெளிந்து மல்லாக்கப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், முடியாமல் பல்லைக் கடித்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மேடம், இப்ப வலிக்குது."

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. காய்ச்சல் நூற்றிநான்கு வரை போனது. இரண்டு தடவை டோரதியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டி வந்தது. ஒரு தடவை கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்காமல், காற்று ஃபில்டர் நின்றுபோனது. ஹஃப்சா நாற்பது நிமிஷம் அறைக் கதவைத் திறக்கவிடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் காலை ஏழரைக்கு அவளுடைய வெள்ளையணுக் கணக்கோடு தாள் வரும். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். நாற்பது. மறுபடியும் பூஜ்யம். பத்தொன்பதாவது நாள், ஐந்நூற்று இருபது. இரண்டாம் முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்நூற்று நாற்பது. ஐந்நூறுதான் நாங்கள் காத்திருந்த கோடு. அப்பாவின் மஜ்ஜை மகளுடைய எலும்புக்குள் குடியேறிவிட்டது. நோய் திரும்பாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வருஷம் போனால்தான் மூச்சு விடலாம். ஆனால் ஷைனிக்கு இப்போது மஜ்ஜை இருக்கிறது.

மறுநாள் எங்கள் துறைத் தலைவர் துரை கூப்பிட்டார். ஆய்வுத் திட்டத்திலிருந்து விலகினால் எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். 'விலகலுக்குக் காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"டோனர் அறிவுரையைப் பின்பற்றவில்லைன்னு போடும்மா," என்றார் துரை. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. "அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு பாரு, ஒரு டிக் அடிச்சா முடிஞ்சது. அந்தக் குழந்தைக்குப் பதிலா இன்னொரு குழந்தை சேத்துக்கலாம். செப்டம்பர்ல ஆய்வை முடிச்சுடலாம். தாள்ல தப்புன்னு எழுதினா, அதே தாளை வாங்கிட்டுப் போன பத்தொன்பது பேரையும் நோண்டுவாங்க. எல்லாத்தையும் நிறுத்தி வெப்பாங்க. நாலு வருஷ உழைப்பு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மாத்தூரிலிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவன் அந்தக் கண்ணாடி அறைக்காகக் காத்திருந்தான். படிவத்தை அறைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிக்கை அடித்தால், ஸ்டானிஸ்லாஸ் என்ற பெயர் எங்கள் ஆஸ்பத்திரியில் காலாகாலத்துக்கும் சொல்பேச்சுக் கேட்காத அப்பன் என்று இருக்கும். என்றைக்காவது ஷைனி வளர்ந்து தன் ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிப்பாள்.

'டோனர் அறிவுரையை முழுமையாகப் பின்பற்றினார். அறிவுரை தவறானது. அதை எழுதியவர் முதன்மை ஆய்வாளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

துரை சொன்னது போலவே நடந்தது. ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். பத்தொன்பது ஃபைலும் கமிட்டிக்குப் போயிருக்கின்றன. மாத்தூர்ப் பையனை ஆய்வுக்கு வெளியே சேர்த்துக்கொள்ள இப்போது இன்னொரு கடிதம் ஏழு மேஜை ஏறிக்கொண்டிருக்கிறது. தினமும் நானும் கூடவே ஏறி இறங்குகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அறிவுரைத் தாளைத் திருத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்ததும் முதலில் ஸ்டானிஸ்லாஸிடம் கொடுத்தேன். அவருக்கு இன்னும் லாஞ்சு கிடைக்கவில்லை. பகலில் வலை பின்னப் போய்விட்டு மூன்று மணிக்கெல்லாம் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றுவிடுவார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். 'ஃபிரிட்ஜில் வைக்கவும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. உப்பு போடக் கூடாது.' அந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். 'எலும்புகளில் வலி வரும். பயப்பட வேண்டாம்.'

அங்கே விரல் நின்றது.

"வலிக்கும்னு எழுதிக்கிறீங்க. வலிக்கலன்னா இன்னா பண்றதுன்னு எழுதலியே மேடம்?"

அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். சுவரில் வைத்து, கடைசி வரியாகப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

'வலி இல்லையென்றால் உடனே கூப்பிடவும்.'

அதன் கீழே என் செல் நம்பர்.